பூச்சியக் காற்று

செண்பகவல்லி பெண் பார்க்கக் கிளம்பும்போது கைப்பையில் மூன்று சாமான்களை எடுத்து வைத்தாள். வாழையிலையில் சுற்றிய மல்லிகைப் பூ, குங்குமச் சிமிழ், புருஷன் செய்த மூச்சுமானி. முதல் இரண்டும் பெண்ணுக்கு. மூன்றாவதும் பெண்ணுக்குத்தான், ஆனால் அது அவளுக்குத் தெரியக் கூடாது.

புருஷன் செய்தது என்று சொன்னால் அம்பலவாணனே மறுப்பார். அது ஒரு குழுவின் வேலை, அவர் அதில் தலைவர். விண்வெளிக்குப் போகிறவர்களுக்காகச் செய்தது. நாலு பேர் மாதக்கணக்கில் ஒரே மூடிய கலத்துக்குள் இருப்பார்கள், டாக்டர் கீழே பூமியில் இருப்பார். ஒருவருக்குச் சர்க்கரை ஏறினாலும், ஈரல் கெட்டாலும், சிறுநீரகம் சுணங்கினாலும் முதலில் மூச்சில்தான் தெரியும். மனித மூக்குக்கு அது எட்டாது, மூச்சுமானிக்கு எட்டும். அவர் ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்கு வந்த சில வருஷங்களில் அந்தக் கருவி ஒரு சோப்புக்கட்டி அளவுக்குச் சுருங்கி மருந்துக்கடைக்கு வந்துவிட்டது. பஸ் டிப்போவில் டிரைவர்களை ஊதச் சொன்னார்கள். பள்ளிக்கூடங்களில் காசநோய் பார்த்தார்கள். தூத்துக்குடி மீன் சந்தையில் நெத்திலிக் கூடைக்குள் இதை நீட்டிய அதிகாரியை ஒரு அம்மாள் கூடையாலேயே சாத்தினாள் என்று செய்தி வந்தபோது அம்பலவாணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நம்ம பிள்ளை ஊரெல்லாம் சுற்றுகிறது என்று அவருக்குப் பெருமை.

ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவர் மூச்சை அளப்பது குற்றம். இந்தச் சட்டம் வந்ததற்கே அம்பலவாணன்தான் காரணம். கமிட்டியில் மற்றவர்கள் தூங்கி வழிந்தபோது, மனிதனுடைய மூச்சு அவனுக்கு மட்டுமே சொந்தம் என்று மேசையைத் தட்டிப் பேசியவர் அவர்.

வீட்டில் மேசையைத் தட்டிப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை.

"ஊருக்கெல்லாம் உபயோகப்படுது. நம்ம வீட்டுக்கு மட்டும் ஆகாதாக்கும்?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"கேக்காம அளக்கக் கூடாது செண்பகம். தப்பு அது."

"எப்படிக் கேக்க? உங்க மகளைக் கொஞ்சம் ஊதச் சொல்லுங்கன்னா? பஸ் டிரைவரையா பாக்கப் போறோம்?" அவள் பையின் வாயை இழுத்து மூடினாள். "எங்க அக்கா வீட்டுல நடந்ததைப் பாத்தியள்லா. கட்டிக் கூட்டிட்டு வந்த பொறவுதான் அந்தப் பிள்ளைக்கு ஈரல்ல கோளாறுன்னு தெரிஞ்சுது. ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சு, கடைசியில அக்கா மகன் தனியா நிக்கான். நமக்கு இருக்கது ஒத்தப் பிள்ளை."

அம்பலவாணன் இதற்கு என்னென்னவோ சொல்லியிருக்கலாம். "என்னமும் செய்யி" என்று சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போனார். அந்த வார்த்தைக்குச் சம்மதம் என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும்.

தென்காசிக்குத் தானோட்டிக் காரில் போனார்கள். முன்னால் அம்பலவாணன், பின்னால் செண்பகவல்லியும் மகன் பரணியும். பரணி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். கொஞ்ச நாளாக எந்நேரமும் அசதியாக இருந்தான், காரில் ஏறியதுமே அம்மா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். ஆலங்குளம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியே இருந்தன. மகன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு செண்பகவல்லி மூச்சுமானியை எடுத்துப் பொத்தானை அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"வேலை செய்யுதுல்லா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அம்பலவாணன் திரும்பிப் பார்க்கவில்லை. தன் கையால் வளர்த்த கருவியை அந்த இடத்தில் பார்க்க அவருக்குக் கூசியது. வெளியே மலையைப் பார்த்தபடி "ம்" என்றார்.

பெண்ணின் பெயர் வடிவு. வேளாண்மைத் துறையில் அதிகாரி. காபித் தட்டோடு வந்தவள் தலையைக் குனிந்துகொள்ளவும் இல்லை, வெடுக்கென்று நிமிர்ந்து நிற்கவும் இல்லை. அலுவலகத்தில் நாலு பேருக்குக் காபி கொடுப்பதுபோல் சாதாரணமாகக் கொடுத்தாள். "எடுத்துக்கிடுங்க மாமா" என்று அம்பலவாணனிடம் தட்டை நீட்டினாள். அவருக்குப் பார்த்தவுடனேயே பிடித்துப் போயிற்று. பரணி அதுவரை இருந்த தூக்கக் கலக்கமெல்லாம் போய், நீங்க செயற்கைக்கோள் படத்தை வச்சா மண்ணுல ஈரம் பாக்கீங்க என்று ஆரம்பித்து, இரண்டு பேரும் பின்பக்கத்து வராந்தாவுக்குப் போய்ப் பேசிச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

"இங்கன வாம்மா, எம் பக்கத்துல உக்காரு" என்றாள் செண்பகவல்லி. வடிவுக்குக் குங்குமம் வைத்து, முகத்தோடு முகம் வைத்துத் தலையில் பூச்சூட்டினாள். மடியில் இருந்த கைப்பையின் வாய் பெண்ணின் பக்கம் திறந்திருந்தது. பூ வைத்த சந்தோஷத்தில் வடிவின் அம்மா கோமதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டுக் கை கழுவுகிற சாக்கில் செண்பகவல்லி புருஷனைக் கொல்லைக் குழாயடிக்கு வரச் சொல்லிக் காட்டினாள். சிவப்பு விளக்கு. அதற்குக் கீழே அமோனியா என்ற எழுத்து, பக்கத்தில் சிறுநீரகத்தின் படம். அம்பலவாணன் ஒரு பார்வை பார்த்தார். "மூடு. உள்ள வை" என்றார்.  இவ்வளவு நல்ல பிள்ளைக்கு இப்படியா என்று ஒரு பக்கம். அதைத் தெரிந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்னொரு பக்கம் தன்மேலேயே அருவருப்பு.

திரும்பி வரும்போது பரணி காரில் தூங்கவில்லை. "எனக்குச் சம்மதம்ப்பா" என்று அவனாகவே சொன்னான். யாரும் பதில் சொல்லாததை அவன் கவனிக்கவும் இல்லை.

மறுநாள் செண்பகவல்லி தென்காசிக்குப் போன் போட்டுப் பேசினாள். வேறொரு ஜோசியரிடம் காட்டினோம், பொருத்தம் சரியாக அமையவில்லை என்கிறார், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்றாள். அதையே பரணியிடமும் சொன்னாள். "எட்டுப் பொருத்தம் இருக்குன்னுதானே போனோம்?" என்று அவன் அப்பாவைப் பார்த்தான். வாழ்நாளில் ஒரு தடவைகூட ஜாதகத்தை மதித்திராத விஞ்ஞானி பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ராக்கெட் கிளம்புகிற நேரத்துக்கு நல்ல நேரம் பார்க்கச் சொன்னவர்களைக் கேலி பேசியவருக்குக் கடைசியில் ஒளிந்துகொள்ள ஜாதகம்தான் கிடைத்தது.

ஆனால் ஒளிந்துகொள்ள முடியவில்லை. அந்த வியாதியைப் பற்றி அவருக்குத் தெரியும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மாத்திரையோடு போய்விடும், விட்டுவிட்டால் டயாலிசிஸ். அந்தப் பெண் தினமும் வயலும் அலுவலகமுமாக அலைந்துகொண்டிருப்பாள். உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர், இந்த வீட்டில்.

"சொல்லிரணும் செண்பகம்."

"சொல்லுங்க. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பாவல்லா, அதுக்கு என்ன சொல்லுவிய?"

அம்பலவாணன் பேப்பரை மடித்து வைத்தார்.

"போலீஸ்ல எழுதிக் குடுத்தா உங்க பேரு டிவியில வரும். கமிட்டியில இருந்தவரே களவாண்டாருன்னு. பரணிக்குப் பொறவு யாரு பொண்ணு குடுப்பா?" செண்பகவல்லி கெட்டவள் இல்லை. தெருநாய்க்குக் காலில் அடிபட்டால் மஞ்சள் பற்றுப் போடுகிறவள். "அவுக வீட்டுலயும் வருஷத்துக்கு ஒருக்க ரத்தம் எடுத்துப் பாக்காமலா இருப்பாவ?" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

பேர் சொல்லாமல் போனில் சொல்லிவிடலாமா என்று அம்பலவாணன் பல தடவை போனை எடுத்தார், வைத்தார். முகம் தெரியாத ஒருவன் போனில் கூப்பிட்டு உனக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றால் எந்தப் பெண் நம்புவாள்?

இப்படியே நாட்கள் போனபோது ஒரு பொறியியல் கல்லூரியில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். விண்வெளி ஆய்வால் சாமானியனுக்கு என்ன பயன் என்பது தலைப்பு. அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூச்சுமானியின் கதையைச் சொன்னார். மேலே போன வீரர் ஒருவர், சொன்னால் பயணத்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து உடம்புக்கு வந்ததை மறைத்தார், கருவி காட்டிக்கொடுத்தது, அவர் உயிர் பிழைத்தார் என்றார். அரங்கம் கைதட்டியது.

ஒரு மாணவி எழுந்தாள். "கருவி காட்டினதும் அவர்கிட்ட உடனே சொல்லிட்டீங்களா சார்? இல்ல, முதல்ல மேலதிகாரிங்க கூடிப் பேசினீங்களா?"

"உடனே சொன்னோம்மா. அது அவரோட உடம்பு. அவருக்குச் சொல்லாம வச்சுக்கிட்டிருக்க நாங்க யாரு?"

மறுபடி கைதட்டல். சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வை அவர் கழுத்தை அறுத்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே மூச்சுமானியைப் பீரோவிலிருந்து எடுத்தார். டாக்டரிடம் காட்ட அதில் பதிவான அளவுகள் வேண்டியிருக்கும். குழாயடியில் பார்த்த பிறகு அதை அவர் திறக்கவே இல்லை. இப்போதும் திறக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தென்காசிக்குக் கிளம்பினார்.

வடிவு அலுவலகத்தில் இருந்தாள். எதிரே பெரிய திரையில் ஜில்லா முழுவதும் நீலமும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. போனில் யாரோ விவசாயி. "அண்ணாச்சி, கீழ வயலுக்கு இன்னைக்குத் தண்ணி விடாதீங்க. மேல காஞ்சாப்ல தெரியும், உள்ள ஈரம் இருக்கு. நம்புங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் போனை வைத்தாள்.

"வாங்க சார்" என்றாள். அன்று சொன்ன மாமா போய்விட்டது.

அம்பலவாணன் உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு மறந்துபோனது. "ஜாதகம்னு சொன்னது பொய்ம்மா" என்று ஆரம்பித்தார். பூ வைத்தது, கைப்பை, சிவப்பு விளக்கு, எல்லாவற்றையும் சொன்னார். உடனே டாக்டரிடம் போகவேண்டும், ஆரம்பம் என்றால் மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்றார். என்மேல் புகார் கொடுக்கலாம், நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னார்.

வடிவின் முகம் சிவந்துவிட்டது.

"உங்க வீட்டம்மா முகத்துக்குப் பக்கத்துல வந்தப்ப எனக்கு முத்தம் குடுக்கப் போறாங்கன்னு நினைச்சேன்" என்றாள். "நான் காபி கொண்டாந்து குடுக்கேன், நீங்க என் மூச்சை மோந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

அவரால் அவளைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தார். செருப்போடு சேர்ந்து அப்படியே தரைக்குள் போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

"எங்கம்மா என்ன செய்யுதாவ தெரியுமா? என் பொறந்த நேரத்தைத் தப்பாக் குறிச்சு வச்சுட்டோம்னு தினம் அழுதுக்கிட்டிருக்காவ. பெத்த அன்னைக்கு மயக்கத்துல கடியாரத்தைச் சரியாப் பாக்கலையாம். எம் புத்தியாலதான் எம் மக வாழ்க்கை போச்சுன்னு கோயில் கோயிலா ஏறி இறங்குதாவ. இத்தனை நாளு நீங்க எங்க இருந்தீங்க சார்?"

"பயந்துக்கிட்டு வீட்டுல இருந்தேம்மா" என்றார். அதைவிடச் சரியான பதில் அவருக்குத் தெரியவில்லை.

அவள் கையை நீட்டினாள். "குடுங்க, பாப்போம். எனக்கு எவ்வளவு இருக்கு?"

அவர் கருவியை எடுத்து விவரப் பக்கத்தைத் திறந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அமோனியாவுக்கு எதிரே இருந்த எண்ணுக்கு முன்னால் மைனஸ் அடையாளம் இருந்தது.

"என்ன சார்?"

"கூடலம்மா. குறைச்சலா இருக்குன்னு காட்டுது."

"குறைஞ்சா நல்லதுதான? பொறவு ஏன் சிவப்பு எரிஞ்சுது?"

"கூடினாலும் குறைஞ்சாலும் எரியும். மேல போறவுகளுக்காகப் பண்ணினதும்மா. அவுக கலத்துல எந்த மாற்றமும் ஆபத்து. அதனால முதல்ல போட்ட உடனே சுத்தி இருக்க காத்தைப் பூச்சியமா எடுத்துக்கிடும். அதுலருந்து மாறினாச் சிவப்பு." தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். "ஆனா ஒரு மனுஷ மூச்சுல அமோனியா இவ்வளவு குறைய வாய்ப்பே இல்லையே."

வடிவு திரையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கோபம் போகவில்லை, ஆனால் அவள் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "எங்களுக்கும் ஒருக்க இப்படி ஆச்சு. வெள்ளம் வந்த மாசத்துப் படத்தைப் பூச்சியமா வச்சுட்டாங்க. அடுத்த மாசம் ஜில்லா பூரா வறட்சின்னு காட்டுச்சு. நல்ல வயலெல்லாம் காஞ்ச வயலு. தப்பு வயல்ல இல்ல, பூச்சியத்துல." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க இதை எங்க வச்சுப் போட்டீங்க?"

வெட்டவெளியில் வைத்துப் போடவேண்டும். டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது, அச்சடிக்கச் சொன்னதே அவர்தான். அம்பலவாணன் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். பூச்சியக் காற்று என்ற பக்கத்தைத் திறந்தார். கண்ணாடி ஏற்றிய காரின் காற்று அப்படியே பதிவாகி இருந்தது. அமோனியா அதில் இருந்தது, நிறையவே இருந்தது.

"கார்ல" என்றார்.

"கார்ல யாரு யாரு?"

"நாங்க மூணு பேரு." கருவியை மேசையில் வைத்தார். "எனக்கும் அவளுக்கும் போன மாசம்தான் எல்லா டெஸ்டும் எடுத்தாங்க. பென்ஷன்காரங்களுக்கு வருஷா வருஷம் உண்டு. ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

மூன்றாவது ஆளை அவர் சொல்லவில்லை. காலையில் எழுந்திரிக்கும்போது பரணிக்குக் கண் இமை தடித்திருக்கும். ராத்திரியெல்லாம் திரையைப் பார்த்தால் இப்படித்தான் என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறார். அவன் அசதியைச் சோம்பல் என்று சொல்லியிருக்கிறார். உலகத்துக்கே கருவி செய்து கொடுத்தவர், சொந்த மகனை ஒரு நாள் ஊதச் சொன்னதில்லை. நம் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, குறை இருந்தால் வருகிற பெண்ணிடம்தான் இருக்கும் என்று அவரும்தான் நம்பியிருந்தார், செண்பகவல்லி மட்டும் இல்லை.

வடிவு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"ஆரம்பம்னா மாத்திரையிலயே சரியாயிரும்னு நீங்கதான சொன்னீங்க. கிளம்புங்க. ஆனா போற வழியில எங்க வீட்டுல இறங்கிட்டுப் போங்க. அடுத்த தெருதான். ஜாதகம் இல்லன்னு எங்கம்மாட்ட நீங்க சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாவ."

அலுவலகத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவளும் கூடவே வந்தாள். 

கோமதியம்மாள் அவரைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மனசு மாறி வந்திருக்கிறார் என்று அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே அம்பலவாணன் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. பொறந்த நேரம் சரிதாம்மா, உங்கமேல எந்தத் தப்பும் இல்ல என்றார். கைப்பையைப் பற்றிச் சொன்னார். கடைசியில், வியாதி உங்க மகளுக்கு இல்ல, எம் மகனுக்கு என்றார்.

கோமதியம்மாள் மகளை ஒரு தடவை பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வையப் போகிறாள் என்று அம்பலவாணன் காத்திருந்தார். வைதால் தேவலை என்றுகூட இருந்தது.

"பிள்ளைக்கு இன்னும் தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"பொறவு எதுக்கு எங்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கிய? முதல்ல வீட்டுக்குப் போனைப் போடுங்க. நீங்க போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும். அதுக்குள்ள அவுக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்லா."

அம்பலவாணனுக்குக் காது கொஞ்சம் மந்தம், போனை எப்போதும் ஸ்பீக்கரில் வைத்துத்தான் பேசுவார். அப்படியே பேசினார். காரில் பொத்தானை அமுக்கியதையும் மைனஸ் அடையாளத்தையும் சொன்னார். பரணியை இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். செண்பகவல்லிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் "ஐயோ, எம் பிள்ளை" என்று ஒரு சத்தம் வந்தது. அதன் பிறகு குரல் தாழ்ந்தது.

"எங்க இருக்கிய? தென்காசியிலயா?"

"ஆமா."

"அந்த வீட்டுல யார்ட்டயும் இதைச் சொல்லிராதிய. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன். அவுக ஆத்திரத்துல ஊரு பூரா சொல்லிருவாவ. பொறவு எம் பிள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

கூடத்தில் எல்லாருக்கும் அது கேட்டது. வடிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

கோமதியம்மாள் எழுந்து வந்து போனுக்கு அருகில் குனிந்தாள்.

"மதினி, நான் வடிவு அம்மா பேசுதேன். நாங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம். நீங்க அழாம பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. செண்பகவல்லி இருக்கிறாளா, வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை. அம்பலவாணன் போனைக் கையில் ஏந்தியபடியே தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.